ஒயர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

சென்ற வாரம் காலை நடையின்போது கடற்கரைச் சாலையில் ஒரு நண்பரிடம் குரலை உயர்த்திப் பேசிவிட்டேன். எழுபத்தைந்து வயதில், நாலு பேர் பார்க்க, அப்படிக் கத்தியிருக்க வேண்டாம்தான். மறுநாளே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் சத்தத்துக்காக மட்டும்தான் மன்னிப்பு. சொன்ன விஷயத்துக்காக அல்ல. விஷயத்தை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

நண்பர் லாஸ்பேட்டையில் தம் வீட்டுக்குப் பின்னால் தனியாக ஓர் அறை கட்டுகிறார். பெங்களூர் கம்பெனிக்கு இங்கிருந்தபடியே வேலை பார்க்கும் மகனுக்காக. வீட்டுக்கும் அறைக்கும் நடுவில் சிமென்ட் தரை போடப்போகிறார்கள். "தரைக்கு அடியில ஒரு குழாயைப் புதைச்சு வையும், இன்டர்நெட் ஒயர் இழுக்கலாம்" என்றேன். "அதெல்லாம் எதுக்கு முசியே? இப்ப எல்லாம் ஒயர்லெஸ் ஆயிடுச்சே. எங்க என்ஜினீயரே வைஃபை போதும்னுட்டார்" என்றார். அந்தப் 'போதும்' என்ற சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வருஷம் அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியவன் நான்.

என் வீட்டைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முத்தியால்பேட்டையில் அகலம் குறைந்து நீளம் மிகுந்த பழைய வீடு. திண்ணை, நடை, முற்றம், அதைத் தாண்டிச் சமையல்கட்டு, அதற்கப்புறம் கிணறும் தோட்டமும். தோட்டத்தின் கோடியில் அப்பா காலத்து மாட்டுக்கொட்டகை. பணி ஓய்வு பெற்ற பிறகு அதற்குச் சுவர் எழுப்பி, ஓடு மாற்றி, என் எழுத்து அறையாக ஆக்கிக்கொண்டேன். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பத்திரங்களையும் பிறப்பு, கல்யாணப் பதிவுகளையும் எடுத்துக்கொண்டு இன்றும் சிலர் வருகிறார்கள். நொத்தேர் கையெழுத்தைப் படித்துச் சொல்ல ஊரில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். பிரெஞ்சில் படித்ததற்கு இந்த வயதில் கிடைத்த பலன் அது. அவர்கள் பின்சந்து வழியாக வந்து போவார்கள். மனைவியின் மத்தியானத் தூக்கம் கெடாது. சொல்தா பென்ஷன் வாங்கிய குடும்பங்களில் பிள்ளைகள் பிரான்சில் இருப்பார்கள். அவர்களோடு வீடியோவில் பேசித்தான் பாதி விவரம் வாங்க வேண்டியிருக்கும். ஆகவே அந்த அறைக்கு இன்டர்நெட் வேண்டும். அது என் ஆடம்பரம் அல்ல.

இணைப்புப் பெட்டியோ முன்கூடத்தில் இருக்கிறது. அங்கிருந்து என் மேஜைக்கு 22 மீட்டர். நடுவில் ஒன்றரை அடி கனத்தில் சுண்ணாம்புக்காரை வைத்துக் கட்டிய மூன்று சுவர்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு மாமரம். வைஃபை அலைக்குச் செங்கல்லும் தண்ணீரும் ஆகாது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் துளைக்கும் வலு அதற்குக் குறைவு. 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் தூரம் போகும்; ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே மூன்று. என் தோட்டத்தில் நின்று போனைத் திறந்தால் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் 14 வரும். பதினாலு வீடும் மூன்று தடத்தில். காலை நேரத்து நேரு வீதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். "தோட்டத்து அறையிலயும் மொபைல்ல சிக்னல் வருதுல்ல சார்? வாட்ஸ்அப் பார்க்க அது போதும்" என்றார் பேசிய பெண். நான் வாட்ஸ்அப் பார்க்கத்தான் கேட்கிறேன் என்று அவருக்கு யார் சொன்னது? என் குரலின் வயது சொல்லியிருக்கிறது. கடைக்காரர், "பூஸ்டர் ஒண்ணு மாட்டுங்க ஐயா, உங்களுக்கு அது போதும்" என்று 2,400 ரூபாய்க்கு ஒரு வெள்ளைப் பெட்டியை விற்றார். சென்னையிலிருக்கும் என் மகன், "மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டுக்கோங்கப்பா, போதும்" என்றான். மூன்று பேருமே அந்த அறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வேலை பார்த்ததில்லை.

பூஸ்டரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நானும் அதில் ஏமாந்தவன். அதைச் சமையல்கட்டில் மாட்டியதும் என் கணினியில் சிக்னல் கோடுகள் முழுசாக நிமிர்ந்து நின்றன. எனக்குச் சந்தோஷம். ஆனால் வேகம் பார்த்தால், 100 எம்.பி.க்குக் காசு கட்டும் வீட்டில் 6, 7 என்று வந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. அந்தக் கோடுகள் என் கணினிக்கும் பூஸ்டருக்கும் உள்ள நெருக்கத்தைத்தான் காட்டுகின்றன. பூஸ்டருக்கு முன்கூடத்துப் பேச்சு சரியாகக் காதில் விழுகிறதா என்பதை அவை காட்டுவதில்லை. அரைகுறையாகக் கேட்டதை அது எனக்கு உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு இந்த மலிவு ரகங்கள் கேட்பதும் சொல்வதும் ஒரே அலையில்தான். ஒரு நேரத்தில் ஒரு வேலை. அதனாலேயே வேகம் பாதிக்குமேல் போய்விடும். கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்க எனக்கு ஆசை.

இன்னொன்று. பேசுவதற்கு அவ்வளவு வேகமே தேவையில்லை. 6, 7 என்பதே ஒரு வீடியோ பேச்சுக்குத் தாராளம். தேவை, விட்டுவிட்டு வராமல் சீராக வருவது. காற்றில் வரும்போது ஒரு நிமிஷம் நன்றாக வரும், அடுத்த நொடி மூச்சு நிற்கும். வேகம் அளக்கிற இணையப் பக்கங்கள் காட்டும் எண்ணைப் பார்த்து அந்த மூச்சடைப்பைக் கண்டுபிடிக்க முடியாது.

2023 ஜனவரியில் என் அக்கா பாரீஸை அடுத்த ஒரு புறநகர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அத்தான் சொல்தாவாக இருந்தவர். கல்யாணமானதும் அக்கா அங்கே போனவர்தான். அந்த ஊரில் 1980களில் வீட்டுக்கு வீடு மினித்தெல் என்றொரு சின்னப் பெட்டி கொடுத்தார்கள், டெலிபோன் ஒயரில் வேலை செய்யும். அதில் ரயில் டிக்கெட் எடுத்ததைப் பற்றி அக்கா எனக்கு நாலு பக்கம் கடிதம் எழுதியவர். இங்கே நான் கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்த காலம். புதுசு என்றால் அவருக்கு அவ்வளவு ஆசை.

அன்றைக்கு இங்கே இரவு ஒன்பதரை, அங்கே மாலை ஐந்து. நான் எழுத்து அறையில் இருந்தேன். அக்காவின் மூத்த மகன் வீடியோவில் கூப்பிட்டு அக்காவிடம் கொடுத்தான். முகம் வற்றியிருந்தது, குரல் தெளிவாக இருந்தது. பழைய கதை கொஞ்சம் பேசினோம். பிறகு, "தம்பி, அம்மாவோட தோடு இருக்கு பாரு, அதை..." என்றார். அவ்வளவுதான். வாய் திறந்தபடி படம் நின்றுவிட்டது. சக்கரம் சுற்றியது. நான் போனை எடுத்துக்கொண்டு, முழங்கால் வலியோடு, இருட்டில் கிணற்றைச் சுற்றி, முன்கூடத்துக்கு வந்து மறுபடி கூப்பிட்டபோது ஒரு நர்ஸ் எடுத்தார். அம்மா களைத்துத் தூங்குகிறார், நாளை பேசுங்கள் என்றார் பிரெஞ்சில். மறுநாள் நினைவு தப்பிவிட்டது. அப்புறம் பேசவில்லை.

அந்தத் தோட்டை யாருக்குக் கொடுக்கச் சொன்னார் என்று அக்காவின் மருமகள்கள் இரண்டு பேரும் தனித்தனியாக என்னைக் கேட்டுவிட்டார்கள். "மாமா, அத்தை உங்ககிட்டதானே சொன்னாங்க?" நான் என்ன பதில் சொல்வது? தோடு இன்னும் அங்கே ஒரு பெட்டியில்தான் இருக்கிறது.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். "எல்லாம் ஒயர்லெஸ் ஆயிடுச்சு" என்கிறார்களே, எது ஆயிற்று? பிரான்சின் மார்சேய் துறைமுகத்திலிருந்து மத்தியதரைக் கடல், செங்கடல் வழியாக மும்பைக்கும் சென்னைக்கும் வந்து சிங்கப்பூர்வரை போகும் ஒரு கேபிள் 2005ஆம் ஆண்டிலிருந்து கடலடியில் கிடக்கிறது. சுமார் 18,800 கிலோமீட்டர். அது போல இன்னும் பல. அக்காவின் குரல் வந்தது அப்படிப்பட்ட ஏதோ ஒரு கண்ணாடி இழையில்தான். சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு, தெருவின் கம்பத்துக்கு, என் திண்ணைக்கு, எல்லாமே இழை. அலைகடலுக்கு அடியில் பத்திரமாக வந்த குரலை என் வீட்டுச் சமையல்கட்டிலும் மாமரத்தடியிலும் கொன்றுபோட்டோம். உலகம் முழுக்க ஒயர். கடைசி 22 மீட்டர் மட்டும் காற்று. அந்த 22 மீட்டரைப் பார்த்துவிட்டு உலகமே ஒயர்லெஸ் ஆகிவிட்டது என்பவரை நான் என்ன சொல்ல?

ஒயர்லெஸ் புதுசு என்பதும் கட்டுக்கதை. என் அப்பா கடைசிவரை ரேடியோவை 'தே.எஸ்.எஃப்.' என்றுதான் சொல்வார். பிரெஞ்சில் 'கம்பியில்லாத் தந்தி' என்பதன் சுருக்கம் அது. ஈஃபில் கோபுரத்தை இருபது வருஷத்தில் பிரித்துவிடலாம் என்றுதான் அனுமதி கொடுத்திருந்தார்கள். கம்பியில்லாத் தந்திக்கு அந்த உயரம் பயன்பட்டதால் பிழைத்தது. அதாவது, ஒயர்லெஸ் என் அப்பாவைவிட மூத்தது. புதுசு எது தெரியுமா? கண்ணாடி இழை. அதே பிரான்சில் பழைய செம்புக் கம்பி டெலிபோன் வலையை 2030க்குள் மூடிவிட்டு வீடுகளை இழைக்கு மாற்றும் வேலை நடக்கிறது. செம்பை எடுத்துவிட்டு அவர்கள் காற்றை வைக்கவில்லை, இழையை வைக்கிறார்கள்.

ஆனால் ஒயர் என்று எதையாவது போட்டாலும் ஆகாது. இதை என் செலவில் கற்றேன். அக்கா காரியம் முடிந்த அடுத்த மாதம், கம்பெனி ஆள் ஒருவரை வேண்டிக் கேட்டதில், "எங்க வேலை பெட்டி வரைக்கும்தான் ஐயா, ஆனா உங்களுக்காகப் பண்றேன்" என்று ஒரு நீல ஒயரை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து மாமரக் கிளைக்கும், அங்கிருந்து என் ஓட்டுக்கும் வீசிக் கட்டிவிட்டுப் போனார். இருபது நிமிஷ வேலை. செம்பு ஒயர் என்று பெயர். வெட்டிப் பார்த்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம். வீட்டுக்குள் போடும் ரகம் என்பதால் மேல்தோல் சித்திரை வெயிலிலேயே வெடிக்க ஆரம்பித்தது. அணில் தன் பங்கைச் செய்தது. இருந்தும் ஓடியது, நன்றாகவே ஓடியது. எட்டு மாதம் எந்தப் பேச்சும் நின்றதில்லை. ஒயரின் அருமை அப்போதே தெரிந்துவிட்டது.

அந்த அக்டோபரில் ஒரு சாயங்காலம் இடி. எங்கள் வீட்டில் விழவில்லை. நாலு தெரு தள்ளி ஒரு தென்னையில். ஆனால் என் கணினியில் ஒயர் செருகும் இடமும், முன்கூடத்துப் பெட்டியும் அந்த நொடியே போயின. மின்வேலை தெரிந்த பழைய சகா ஒருவர் வந்து விளக்கினார். ஆகாயத்தில் தொங்கும் உலோகக் கம்பி பக்கத்து இடியின் அதிர்வைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். அத்தோடு, வீட்டுக்கு ஓர் எர்த், கொட்டகைக்கு வேறோர் எர்த் என்று இருக்கும்போது இரண்டையும் ஒரு செம்புக் கம்பியால் முடிச்சுப் போடுவதே வில்லங்கம். இடி நேரத்தில் இரண்டு மண்ணுக்கும் மின்னழுத்தம் வேறுபட்டால், அது சமமாவதற்கு உங்கள் ஒயரையும் கணினியையும்தான் வழியாக எடுத்துக்கொள்ளும். ஒரே கட்டடத்துக்குள் செம்பு ஒயர், 100 மீட்டருக்குள், தாராளமாகப் போடலாம். கட்டடம் விட்டுக் கட்டடம் தாண்டினால் கண்ணாடி இழைதான். கண்ணாடியில் மின்சாரம் பாயாது. தாங்குவதற்காக இழையோடு இரும்புக் கம்பி சேர்த்த ரகமும் உண்டு. அதைக் கேட்டு ஒதுக்குங்கள்.

2024 பிப்ரவரியில் தோட்டத்தைத் தோண்டினேன். ஊர் சிரித்தது அப்போதுதான். ஒன்றரை அடி ஆழம், கிணற்றை விலக்கி ஒரு வளைவு, கரண்டு ஒயர் போகும் குழாயைத் தொடாமல் தனித் தடம். ஒரு அங்குல பி.வி.சி. குழாய். மூலைகளில் சடாரென்று மடங்கும் எல்போ போடவிடவில்லை, நீள வளைவுதான். இழையை இறுக்கி மடக்கினால் வெளிச்சம் வெளியே கசியும். எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன் பையன் குழாயை ஒட்டினான். முனைக்கு ஒன்றாக, வெளிச்சத்தை மின்சாரமாக்கும் சின்னப் பெட்டிகள் இரண்டு. இவை ஏ, பி என்று ஜோடியாக வர வேண்டும். ஒன்று அனுப்பும் நிறத்தை மற்றது வாங்கும். கடையில் இரண்டும் ஏ-யாகக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருக்க, கேட்பதற்கு ஆளில்லை. எங்கள் அலுவலகத்து மாதாந்திரக் கூட்டம் நினைவுக்கு வந்தது. மாற்றி வாங்க ஒரு நாள் வீண்.

மொத்தம் எனக்கு ஆனது 5,600 ரூபாய், தோண்டிய கூலியும் சேர்த்து. பூஸ்டர், நீல ஒயர், இடியில் போனவை எல்லாம் கூட்டினால் அதற்கு முன்பே 11,000 தொலைத்திருந்தேன். இதில் வெட்கப்பட வேண்டிய ஒன்றும் இருக்கிறது. 2016இல் சாக்கடைக் குழாய்க்காக இதே தோட்டத்தை இதே தடத்தில் தோண்டினோம். அன்றைக்கு ஒரு வெறுங்குழாயைக் கூடவே போட்டிருந்தால் சில நூறு ரூபாயோடு முடிந்திருக்கும். அப்போது எனக்குத் தோன்றவில்லை. நண்பரிடம் நான் கத்தியதற்கு முக்கால் காரணம் இதுதான்.

அந்த வருஷ நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. தோட்டத்தில் முழங்கால் தண்ணீர். குழாய்க்குள்ளும் தண்ணீர் புகுந்திருக்கும். கரண்டு இல்லாதவரை இன்டர்நெட்டும் இல்லை, அதை மறைக்கவில்லை. இரண்டு பெட்டிக்கும் கரண்டு வேண்டும், அதற்குப் பேட்டரிதான் வழி. ஆனால் கரண்டு வந்த மறுநிமிஷம் பச்சை விளக்கு எரிந்தது. அதன் பிறகு அதை நான் தொடவில்லை.

சின்ன ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு வைஃபை சரிதான். ஊஞ்சலில் உட்கார்ந்து போன் பார்க்க ஒயர் கேட்கிற பைத்தியம் நானில்லை. என் சண்டை அந்த அலையோடும் இல்லை. அடுத்தவனுக்கு எது போதும் என்று, அவன் மேஜையைப் பார்க்காமலே தீர்மானிக்கிறவர்களோடு. முப்பத்தாறு வருஷம் அரசாங்க மேஜையில் உட்கார்ந்தவன் நான். மனுவோடு வந்தவர்களை இதே சொல்லைச் சொல்லி நானும் அனுப்பியிருக்கிறேன். அதனால் அந்தச் சொல்லின் தொனி எனக்கு நன்றாகத் தெரியும். வயதானவர்கள் என்றால் மருந்துச் சீட்டு எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவும் காலை வணக்கப் பூ அனுப்பவும்தான் இன்டர்நெட் என்று நினைக்கிறார்கள். கடல் தாண்டிப் பிள்ளைகளையும் கூடப்பிறந்தவர்களையும் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் இந்த ஊரில், ஒரு வாக்கியம் முழுசாக வந்து சேர்வது யாருக்கு அதிகம் தேவை?

நண்பருக்கு நேற்று மாலை போன் செய்தேன். இன்னும் என்மேல் கொஞ்சம் கோபம் இருக்கிறது. ஆனால் குழாய் போட்டுவிட்டாராம், ஒரு அங்குலம். "உள்ள கயிறு விட்டீங்களா?" என்று கேட்டேன். பின்னால் ஒயர் இழுக்க வேண்டுமென்றால் குழாய்க்குள் ஒரு நைலான் கயிறு கிடக்க வேண்டும், இரண்டு முனையிலும் கட்டி. விடவில்லையாம். தரை போட இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. என் கொட்டகையில் மிச்சக் கயிறு ஒரு சுருள் கிடக்கிறது. நாளைக் காலை நடைக்கு வரும்போது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.